எதுக்கும் இருக்கட்டும்

பக்கத்தில் சேத்துப்பட்டில் ஒரு நிச்சயதார்த்தம். காலையில் போய், தட்டு மாற்றி, சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் ஆரணிக்குத் திரும்பிவிடலாம். அதற்கு அவர் எடுத்து வந்தவை: கொசுவலை, தலையணை, சவரப்பெட்டி, குடை, இன்னொரு குடை, வெந்நீர்ப்பை, சின்ன மண்ணெண்ணெய் அடுப்பு, அந்த அடுப்பின் துவாரம் அடைத்துக்கொண்டால் குத்த ஊசி, ஊசி தொலைந்துவிட்டால் வேறு ஊசி.

"கொசுவலை எதுக்குங்க? பகல்லியே திரும்பிடப் போறோமே" என்று கேட்டேன்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஆயுள் முழுக்கக் காலம் தள்ளினார் என்றால் நம்புவீர்களா? நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் அவருக்கு. நெசவாளிகளுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கி, வெளியூருக்கு அனுப்புவார். நான் தபால் ஆபீஸில் குமாஸ்தா. அவருடைய பார்சல்கள் என் ஜன்னல் வழியாகத்தான் போகும். ஒரு சேலைக்கு அவர் போடும் கட்டைப் பார்த்தால் உள்ளே ஏதோ வெடிகுண்டு இருக்கிறது என்று தோன்றும். தாள், அதன் மேல் துணி, அதன் மேல் மெழுகுத்துணி, அதன் மேல் சாக்கு, நாலு பக்கமும் அரக்கு. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "போஸ்டாபீஸு" என்பார். நானும் அவர் பேரைச் சொல்லப் போவதில்லை. அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

டூரிங் கொட்டகைக்குச் சினிமா பார்க்கப் போனாலும் டார்ச் லைட் வரும். டார்ச் எரியாவிட்டால் மெழுகுவத்தி, அதைக் கொளுத்தத் தீப்பெட்டி, தீப்பெட்டி நமுத்துவிட்டால் லைட்டர். சினிமாக் கொட்டகையில் இருட்டாக இருப்பதுதானே வழக்கம் என்று யாரும் அவரிடம் சொல்லிப் பார்க்கவில்லை. அவர் மனைவி மட்டும் ஒரு நாள் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இந்த வூட்ல எல்லாத்துக்கும் ஸ்பேர் இருக்குது. எனக்குத்தான் இன்னும் எடுத்து வெக்கல." அவர் சிரிக்கவில்லை. யோசிப்பவர் போல இருந்தார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இத்தனை சாமானையும் அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. தூக்கியவன் ஏகாம்பரம்.

ஏகாம்பரம் அவருக்கு நெய்கிறவன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், எங்கள் சர்ச்சுக்குப் பின்தெருவில் வீடு. குழித்தறியில் உட்கார்ந்து கால்மிதியை அவன் மிதிக்கும் சத்தத்தை வைத்தே தெருக்காரர்கள் அவன் தறி என்று சொல்லிவிடுவார்கள், அத்தனை சீரான கால். அப்பா இல்லை, அம்மாவும் அவனும். அந்தக் கால்தான் இருவருக்கும் சோறு போட்டது. முதலாளி கூப்பிட்டால் மட்டும் தறியை விட்டு எழுந்து வருவான். வராமல் இருக்க முடியாது. அடுத்த பாவு அவர் கையில் அல்லவா இருந்தது?

எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழிக்கு முன்னால், பழைய தாள் கட்டில் வந்த ஒரு இங்கிலீஷ் பத்திரிகையை எடுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார். அதில் ஒரு படம். செங்குத்தான பாறை. அதன் நடுவில் ஆணி அடித்து, துணியால் தூளி கட்டி, இரண்டு வெள்ளைக்காரர்கள் தூங்குகிறார்கள். கீழே பார்த்தால் ஆறு ஒரு நூலிழை மாதிரி தெரிகிறது.

"இன்னா போட்டிருக்குது, படி" என்றார்.

படித்தேன். மலை ஏறப் போகிறவர்கள் ஒரே நாளில் உச்சிக்குப் போக முடியாவிட்டால் பாறையிலேயே தொங்கிக்கொண்டு இரவைக் கழிப்பார்கள். அதற்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கீழே போட்டிருந்தது. மலை ஏறுவதைப் பற்றிப் படித்தபோது அவர் வெளியே போகிற மாட்டுவண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று ஆரம்பித்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே முகத்தை நீட்டினார். இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னார்.

"பெட்ரோமாக்ஸ் லைட்டே எழுதலியே. என்னா ஆளுங்க இவனுங்க" என்றார்.

அன்றே முடிவாகிவிட்டது. சந்தவாசலைத் தாண்டி ஒரு மொட்டைப் பாறைமலை உண்டு. பருந்துப்பாறை என்பார்கள். அதன் நெஞ்சில், பாதி உயரத்தில், கட்டில் அகலத்துக்கு ஒரு திட்டு நீளமாக ஓடும். ஆடு மேய்க்கிறவர்கள் பக்கத்துச் சரிவில் ஏறி, பாறையை ஒட்டி நகர்ந்து அங்கே போவார்கள். அங்கே ஒரு ராத்திரி தங்குவது. அவர், ஏகாம்பரம், நான். எனக்கு என்ன பைத்தியமா என்று கேட்பீர்கள். இந்த மனிதர் பாறையில் பெட்ரோமாக்ஸ் ஏற்றுவதைப் பார்க்காமல் செத்துவிடக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மலை ஏற ஒரு பகல் போதும். அதற்குச் சாமான் கட்ட ஒரு மாதம் ஆயிற்று.

கண்ணமங்கலத்தில் ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவரிடம் மிலிட்டரி பை ஒன்று வாங்கினார். காக்கிக் கான்வாஸ், தோல் வார், உள்ளே ஒரு கன்றுக்குட்டியை நிறுத்தி வைக்கலாம். கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து, நடுவில் பையை வைத்து, சுற்றிலும் சாமான்களைப் பரப்பிவிட்டார். வீட்டில் மற்றவர்கள் சுவரோரமாக நடந்தார்கள். பெட்ரோமாக்ஸ் லைட், அதற்கு உதிரி மாண்டில், எலுமிச்சம்பழச் சாதத்துக்கு ஒரு தூக்கு, தயிர்ச்சாதத்துக்கு ஒரு தூக்கு, கம்பளிக் குல்லா, மஃப்ளர், முகம் பார்க்கும் கண்ணாடி, சாம்பிராணி, விபூதி, கற்பூரம், விசில், டிஞ்சர், பஞ்சு, துணிச்சுருள், தூளி கட்டத் துணி, மூங்கில் பத்தைகள், அலாரக் கடிகாரம். அந்தக் கடிகாரம் அடிக்காவிட்டால் எழுப்ப இன்னொரு அலாரக் கடிகாரம். பாறையில் எழுந்து எந்த ஆபீசுக்குப் போகப் போகிறோம்?

ஒரு பித்தளைப் பூட்டும் இருந்தது, சாவியோடு.

"அண்ணா, பூட்டு எதுக்கு? பாறைக்கு ஏது கதவு?"

"எதுக்கும் இருக்கட்டும்."

தூக்கப் போகிறவன் ஏகாம்பரம்தானே? பையின் வாரைத் தோளில் மாட்டி, எழுந்து நின்று, இரண்டு அடி வைத்துப் பார்த்துவிட்டு இறக்கி வைத்தான். "நல்லா கனமா கீதுங்க மொதலாளி" என்றான். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போய்ச் சின்ன உரலையும் உலக்கையையும் எடுத்து வந்தார். அதற்கு மட்டும் அவர் மனைவி குறுக்கே நின்றுவிட்டார்.

கயிறு விஷயம்தான் முக்கியம். கடையில் தேங்காய்நார்க் கயிறு கிடைக்கும், தேர் இழுக்கிறோமே அந்தக் கயிறு. அது அவருக்கு மட்டம். அதே கனத்துக்கு இரும்புக் கம்பியைவிடப் பட்டுத்தான் உறுதி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கழிவுப் பட்டை முறுக்கி, கட்டைவிரல் கனத்தில் கயிறு திரித்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அரக்கு நிறம். ஆனால் பட்டு தீர்ந்து போய் நீளம் போதவில்லை. இன்னொரு துண்டு திரித்து இரண்டையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

"முடி போட்டுடலாங்களா?" என்றான் ஏகாம்பரம்.

அவருக்கு வந்ததே கோபம். "முடி போடறதா? டேய், நம்ப பரம்பரைல எவனாவது பட்டுல முடி போட்டுகினு இருந்தானா?"

தறிக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பாவு நெய்து முடிந்ததும், அதன் வால் இழைகளோடு புதுப் பாவின் தலை இழைகளைச் சேர்ப்பார்கள். அதற்கு முடிச்சுப் போடுவதில்லை. முடிச்சு தறியின் அச்சுப் பல்லில் மாட்டி இழை அறுந்துவிடும். இரண்டு நுனியையும் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கி விடுவார்கள். பாவு பிணைப்பது என்று பேர். ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால் அந்த வெறும் முறுக்கே போதும். இவர் கயிற்றையும் அதேபோலப் பிணைத்தார். நுனிகளைப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று விட்டு, சாம்பல் தொட்டு முறுக்கி, கஞ்சி தடவி, மேலே பட்டிழையைச் சுற்றி வெயிலில் காய வைத்தார். காய்ந்ததும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எங்கியாச்சும் முடி தெரிதா பாரு, போஸ்டாபீஸு. அம்மாம் பெரிய சேலையே நிக்குது, இந்த ஒரு கயிறு நிக்காதா?"

ஏகாம்பரம் கயிற்றைத் தடவிப் பார்த்தான். அவனுக்குத் தையில் கல்யாணம். தெள்ளாரில் பெண். அதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தானோ என்னவோ, கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான்.

மலைப் பயணத்தை நீட்டிச் சொல்ல என்னால் முடியாது. அப்போது வந்த எரிச்சல் இப்போதும் வருகிறது. சரிவில் ஏகாம்பரம் பையோடு முன்னால் போனான். பின்னால் இவர் கையை வீசிக்கொண்டு, "ஜல்தி வா, மோதிடாதே, கண்ணாடி இருக்குது உள்ள" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வெயில் சாய்வதற்குள் திட்டுக்கு வந்துவிட்டோம். கீழே எட்டிப் பார்த்தவர் தூளி கட்டும் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார். பாறை வெடிப்பிலிருந்து இச்சிமரத்தின் வேர் ஒன்று தொடை கனத்துக்கு வந்திருந்தது. அதில் கயிற்றைக் கட்டி, அதே கயிற்றை என் இடுப்புக்கு, என்னிடமிருந்து அவர் இடுப்புக்கு, அவரிடமிருந்து ஏகாம்பரத்துக்குக் கட்டிக்கொண்டோம். வேருக்குப் பக்கத்தில் நான், நடுவில் அவர், திட்டு குறுகிப்போகும் கோடியில் ஏகாம்பரம். அவன் காலடியில் பை. "பையைப் பாத்துக்கோடா" என்றார். பிணைத்த இடம் அவருக்கும் ஏகாம்பரத்துக்கும் நடுவில் இருந்தது. பெட்ரோமாக்ஸ் எரியவில்லை. உதிரி மாண்டிலும் பொடியாகியிருந்தது. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை மறைக்க மஃப்ளரை வாங்கி முகத்தில் சுற்றிக்கொண்டேன்.

மார்கழிப் பனி. விடியும்போது பாறை முழுக்க நனைந்து கிடந்தது. கயிறும்தான். கஞ்சி நனைந்தால் என்ன ஆகும் என்று ஒரு நெசவாளிக்குச் சொல்ல வேண்டுமா?

முதல் கடிகாரம் அடித்தது. பைக்குள்ளிருந்து, பாறையே அலறுவதுபோல. உடனே இரண்டாவதும் அடித்தது.

"அத்த நிறுத்துடா" என்றார் இவர், கண்ணைத் திறக்காமல்.

ஏகாம்பரம் தூக்கக் கலக்கத்தில் எழுந்து பையிடம் குனிந்தான். ஈரத்தில் கால் வழுக்கியது. கயிறு விறைத்தது. பிறகு பிணைத்த இடம் சத்தமே இல்லாமல், வெண்ணெயிலிருந்து கத்தியை உருவுவதுபோல, கழன்று வந்தது. அவன் திட்டின் விளிம்பை ஒரு கையால் பற்றிக்கொண்டு தொங்கினான். இன்னொரு கையை மேலே நீட்டி "மொதலாளி!" என்றான். அவன் கால் பட்டுப் பையும் விளிம்பில் சாய்ந்து நின்றது.

அவர் அவனுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தார். வேரோடு பத்திரமாகக் கட்டப்பட்டிருந்தார். இரண்டு கையும் சும்மா இருந்தன.

பாய்ந்து பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்தார். பையைப் பிடித்தார்.

அவருக்குப் பின்னால் இருந்தேன் நான். அவரையும் அந்தக் கன்றுக்குட்டிப் பையையும் தாண்டி நான் கையை நீட்டுவதற்குள் விளிம்பில் விரல்கள் இல்லை. கடிகாரங்கள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தன.

கீழே இன்னொரு திட்டு இருந்ததால் உயிர் பிழைத்தான். முள்புதரில் விழுந்து கிடந்தான். வலது கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பி இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் ஆரணி முழுக்கத் தெரிந்த கதை. அவர் பதறவில்லை. பையை என் தோளில் ஏற்றிவிட்டு, சுற்றி வந்து கீழ்த்திட்டில் இறங்கினார். பையைத் திறந்தார். டிஞ்சர் வந்தது, பஞ்சு வந்தது, மூங்கில் பத்தைகள் வந்தன. சேலை பார்சல் கட்டும் அதே கையால், அதே நிதானத்தோடு, அந்தக் காலைக் கட்டினார். விசிலை எடுத்து ஊதினார். ஆடு மேய்க்கிறவர்கள் ஓடி வந்தார்கள். தூளித் துணியில் போட்டு ஏகாம்பரத்தைத் தூக்கிப் போனோம். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பார்த்துவிட்டு, "யார் கட்டியது? கம்பவுண்டரா?" என்று கேட்டார். இவர் அடக்கமாக நின்றார். அந்த அடக்கத்தை நான் மன்னிக்கவே இல்லை.

ஊர் அவரைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. மனுஷனுக்கு என்ன முன்யோசனை பார் என்றார்கள். ஏகாம்பரத்தின் அம்மா அவர் காலில் விழப் போனாள். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவர்தான் பார்த்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். கால் கூடியது, ஆனால் குட்டையாகக் கூடியது. குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்க அது வளையவில்லை. தெள்ளார்க்காரர்கள் வந்து, பார்த்து, காபி குடித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் வரவில்லை. பின்தெருவில் அந்தத் தறிச்சத்தம் நின்றுபோனது. இவர் அவனைத் தன் கடையிலேயே சேர்த்துக்கொண்டார். என்ன வேலைக்குத் தெரியுமா? பார்சல் கட்ட.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். பார்சலை நிறுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அண்ணா, அன்னைக்கு நீங்க அவன் கையைப் புடிச்சிருக்கலாமில்ல?"

அவருக்குக் கோபம் வரவில்லை. ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"பையை வுட்டிருந்தா அவன் காலை எதைக்கொண்டு கட்டியிருப்பே, போஸ்டாபீஸு?"

பதிலே இல்லாத அளவுக்கு ஒரு முட்டாள்தனம் இருக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏகாம்பரத்திடமும் கேட்டேன். சாயங்காலம், கடை வாசலில், சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தேன்" என்றான். "பையைத்தான் புடிச்சாரு." ஊசியில் கோணி நூலைக் கோத்தான். "அவரு கைக்கு எது பழக்கமோ அத்த புடிச்சுது. ஆளைப் புடிச்சு அதுக்குப் பழக்கமே இல்ல, வுடு."

"உனக்குக் கோவமே வரலியாடா?"

"வருது. வந்து இன்னா பண்றது? பேஜாரு." அடுத்த சாக்கை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான்.

எண்பதுகளில் அவருக்குக் குடலிறக்கம் வந்தது. அளவுக்கு மீறிப் பாரம் தூக்குகிறவர்களுக்கு வருகிற வியாதி! வாழ்நாளில் ஒரு தூக்கைக்கூடத் தூக்காத மனிதருக்கு எங்கிருந்து வந்ததோ. வேலூரில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. துணைக்கு ஏகாம்பரம். வழியனுப்ப நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். அதே மிலிட்டரி பை, வார் மட்டும் புதுசு. உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. பூட்டு இருந்திருக்கும்.

கூட்டம் அதிகம். ஏகாம்பரம் விந்தி விந்தி முதலில் ஏறி, படியில் நின்றுகொண்டு, ஒரு கையில் பையைப் பிடித்தபடி அவருக்காகத் திரும்பினான். அவர் ஒரு காலைப் படியில் வைத்தார். அதற்குள் எவனோ விசில் கொடுத்துவிட்டான். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. அவர் கை கம்பியிலிருந்து நழுவியது. உடம்பு பின்னால் சாய்ந்தது. பின்சக்கரம் அங்கேதான் இருந்தது.

ஏகாம்பரம் பையை விட்டான்.

இரண்டு கையாலும் அவர் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, குட்டைக்காலைக் கதவில் முட்டுக் கொடுத்து, இழுத்து உள்ளே போட்டான். பை சாலையில் விழுந்தது. பின்சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கியது. கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. எங்கேயோ உள்ளே ஒரு அலாரம் அடிக்க ஆரம்பித்தது.

"பை! டேய், பை!" என்று அவர் அலறினார்.

"பை போவட்டுங்க மொதலாளி. கையை வுடாதீங்க" என்றான் ஏகாம்பரம்.

பஸ் திரும்புகிறவரை அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனார். அவர் மணிக்கட்டை ஏகாம்பரம் இன்னும் விடவில்லை. அது நன்றாகத் தெரிந்தது. அந்தக் கையை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"போஸ்டாபீஸு! எடு அத்த! எல்லாம் அதுலதான் இருக்குது!"

நான் எடுக்கவில்லை.